ஐதர் அலி: வீரமும் வெந்த ஊர்களும்

காவேரிப்பட்டினம் என்றதும் கடல்கொண்ட பூம்புகாரை நினைப்பவர்கள் உண்டு. நாம் சொல்ல வருவது அந்தப் பட்டினம் அன்று. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, தென்பெண்ணை ஆற்றங்கரையில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் காவேரிப்பட்டினம். ஓசூர் ஆலைகளில் உழைக்கும் தோழர்கள் பலருக்குச் சொந்த ஊர், அல்லது உறவூர்.

இந்த ஊரில் ஒரு கோட்டை இருந்தது. 1767ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்தக் கோட்டையை நோக்கிப் பீரங்கிகள் முழங்கின. உள்ளே வெள்ளைக் கும்பெனியின் காவற்படை. வெளியே மைசூர்ப் பட்டாளத்தோடு நின்றவர் ஐதர் அலி. இருமுறை மோதினார். இருமுறையும் உள்ளே இருந்தவர்கள் தாங்கினார்கள். பிறகு கோட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்கள். அடுத்த ஆண்டே கும்பெனி திரும்பி வந்து அதைப் பிடித்தது. 1769இல் உடன்படிக்கை ஆனபின் அது ஐதர் வசமே நின்றது.

ஒவ்வொரு முறை கோட்டை கைமாறியபோதும், அதைச் சுற்றியிருந்த சோளக்காடும் கேழ்வரகுக் கொல்லையும் வைக்கோற்போரும் யாரோ ஒருவருடைய குதிரைக்குத் தீனியாயின. தளபதிகளின் பெயர்கள் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. கொல்லைக்காரனின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஐதர் அலியை நாம் மேடைகளில் புகழ்கிறோம். புகழத் தக்கவர்தாம். கும்பெனியின் பட்டாளத்தைக் கண்டு நாட்டு மன்னர்கள் நடுங்கிய காலத்தில், அந்தப் பட்டாளத்தையே நடுங்க வைத்தவர். ஆனால் அந்தப் புகழோடு நாம் நின்றுவிட்டால், சொல்லியது பாதி வரலாறுதான். மறுபாதியைச் சொல்ல நாம் தயங்கினால், அதை வேறொருவன் வேறொரு நோக்கத்தோடு சொல்லுவான், சொல்லிக்கொண்டும் இருக்கிறான். ஆகவே அந்த மாவீரரின் வாழ்க்கையை மறைக்காமல், மழுப்பாமல், முழுதாகவே பார்த்துவிடுவோம்.

முரசுக்குள் அடைபட்ட பிள்ளை

கிருஷ்ணகிரிக்கு வடக்கே, இன்றைய கர்நாடகத்துக் கோலார் மாவட்டத்தில், பூதிகோட்டை என்று ஓர் ஊர். பூதி என்றால் சாம்பல். சாம்பல் கோட்டை என்று பெயர் பெற்ற அந்த ஊரில், 1720ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் ஐதர். தகப்பனார் பத்தே முகம்மது, சீரா நாட்டு அதிகாரியிடம் படைத்தலைவராக இருந்தவர். எசமானருக்காகப் போர்க்களம் போனார். எசமானரும் மாண்டார், அவரும் மாண்டார்.

தகப்பன் மாண்டதும் கடன்காரன் வந்தான். பாக்கிப் பணம் எங்கே என்று கேட்டு, தொட்டபள்ளாபுரத்தில் விதவையையும் இரண்டு சிறுவர்களையும் பிடித்து வைத்தார்கள். பணம் வெளிவர வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைப் பெரிய முரசுக்குள் அடைத்து, மேலே தோலை இழுத்துக் கட்டி, முரசை அடித்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிறுவர்களில் ஒருவர் சகபாசு. மற்றவர் ஐதர்.

பெரியவர்களின் சண்டைக்குச் சின்னஞ்சிறுவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொள்ளுமாறு தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பின்னால் இதே கேள்வியை ஐதரிடமே கேட்க வேண்டிய இடம் வரும்.

உறவினர் ஒருவரின் முயற்சியால் குடும்பம் விடுதலை பெற்று மைசூர் நாட்டுக்கு வந்தது. அண்ணன் படையில் சேர்ந்தார். தம்பி வேட்டையும் குதிரையுமாகத் திரிந்தார். பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்கவில்லை. கடைசிவரை எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்துஸ்தானி, கன்னடம், மராத்தி, தெலுங்கு, தமிழ் ஆகிய ஐந்து மொழிகளிலும் பேசுவார். கணக்குப்பிள்ளை வாசிக்கும் கணக்கைக் காதால் கேட்டு, தப்பு எங்கே இருக்கிறது என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். படிக்காதவன் ஆளத் தகாதவன் என்று பேசுவோர் வாயை அடைக்க இந்த ஒரு வாழ்க்கை போதும்.

திண்டுக்கல்லிலிருந்து சிம்மாசனம்வரை

1749இல் தேவனஹள்ளிக் கோட்டை முற்றுகையில் ஐதரின் துணிச்சலை மைசூர் மந்திரி நஞ்சராசர் கண்டார். சிறு படை ஒன்றைக் கொடுத்தார். 1755இல் திண்டுக்கல் சீமைக்குப் பவுஜ்தாராக அனுப்பினார். பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்குவது வேலை. அந்தத் தமிழ் மண்ணில்தான் ஐதர் பெரிய மனிதரானார். பிரெஞ்சுக்காரர் உதவியோடு பீரங்கிப் பட்டறை வைத்தார். சம்பளம் வாங்கும் படை ஒன்று, கொள்ளையில் பங்கு வாங்கும் படை ஒன்று என இரண்டையும் வளர்த்தார். கொள்ளைப் பொருளில் பாதி வீரனுக்கு, பாதி தலைவருக்கு. யாருடைய வீட்டுப் பானையும் யாருடைய தொழுவத்து மாடும் அந்தப் பங்கில் வந்தன என்பதை எந்தக் கணக்கரும் எழுதி வைக்கவில்லை.

1761இல் மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. உடையார் குலத்து அரசரை அரியணையிலேயே உட்கார வைத்துவிட்டு, ஆட்சியைத் தாம் நடத்தினார். எதிர்த்து நின்றவர் கந்தேராவ். ஒரு காலத்தில் ஐதருக்கே கணக்கராயிருந்து உயர்ந்தவர். அவரைப் பிடித்து இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்துச் சாகும்வரை வைத்திருந்தார். முரசுக்குள் அடைபட்ட பிள்ளை, வளர்ந்து பெரியவராகி, மற்றொருவரைக் கூண்டில் அடைத்தார்!

1763இல் பெதனூர் வீழ்ந்தது. அதன் கருவூலம் ஐதரின் பட்டாளத்துக்கு உரமாயிற்று. 1766இல் மலையாளக் கரைமீது படை எடுத்தார். நாயர்கள் கலகம் செய்தார்கள். கலகக்காரர்களை வெட்டியும் தூக்கிலிட்டும் அடக்கினார். குடும்பம் குடும்பமாகப் பெயர்த்து மைசூர்ப் பக்கம் ஓட்டினார். வழியிலேயே மாண்டவர்கள் மிகப் பலர். 1779இல் சித்திரதுர்க்கம் வீழ்ந்தபோது பேடர் மக்களை ஆயிரக்கணக்கில் பிடித்துச் சீரங்கப்பட்டணம் கொண்டுபோனார். எதிரியை வெல்வது மட்டுமன்று, எதிரியின் நாட்டு மக்களையே பொருளாக எண்ணி இடம்பெயர்ப்பது அவருடைய போர்முறையில் ஒரு பகுதி.

பாராமகால் கண்ட படைகள்

கிருஷ்ணகிரி, ஜெகதேவி, திருப்பத்தூர், வாணியம்பாடி என்று கோட்டைகளை அடுக்கி வைத்த இந்தச் சீமைக்கு அந்நாளில் பாராமகால் என்று பெயர். மைசூர் மேட்டுக்கும் ஆர்க்காட்டுச் சமவெளிக்கும் நடுவே ஒரு படிக்கட்டு. மேலே இருப்பவன் கீழே இறங்கவும், கீழே இருப்பவன் மேலே ஏறவும், இந்தப் படிக்கட்டைத்தான் மிதித்தாக வேண்டும்.

ஐதர் வளர்வதைக் கும்பெனியார் சகிக்கவில்லை. ஐதராபாத் நிஜாமோடு கூட்டுச் சேர்ந்தார்கள். மராத்தியரும் மறுபுறம் வந்தார்கள். ஐதர் மராத்தியரைப் பணத்தால் திருப்பி அனுப்பினார். நிஜாமைத் தம் பக்கமே இழுத்துக்கொண்டார். 1767 ஆகஸ்டில் மலைவழி இறங்கி, கர்னல் ஸ்மித்தின் படைமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தபோது அவற்றை ஓட்டிச் சென்றார். அதன்பிறகுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன காவேரிப்பட்டின முற்றுகை. செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நடந்த சண்டைகளில் கும்பெனி வென்றது. ஆனால் அதே வேளையில் ஐதரின் மகன் திப்பு, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை, குதிரைப்படையோடு சென்னைப் பட்டினத்தின் ஓரம்வரை போய்க் கும்பெனிக் கனவான்களின் தோட்ட வீடுகளைக் கலக்கினார்.

1768இல் போர் ஓசூர்ப் பக்கம் ஏறிற்று. ஓசூரைக் கும்பெனி பிடித்தது. ஐதர் அதை வளைத்துக்கொண்டார். மீட்க வந்த கர்னல் உட், தம் கனத்த பீரங்கிகளைப் பாகலூரில் விட்டுவிட்டு ஓசூருக்கு விரைந்தார். ஐதர் பாகலூரில் பாய்ந்து பீரங்கிகளை அள்ளிக்கொண்டு போனார். இன்றைக்கு ஓசூரிலிருந்து பாகலூர் சாலையில் ஆலை வேலைக்குப் போகும் தோழர்கள், அந்தச் சாலையில் இப்படியும் ஒரு சண்டை நடந்தது என்பதை நினைவில் வைக்கலாம்.

1769 மார்ச்சில் ஐதர் ஏறத்தாழ ஆறாயிரம் குதிரை வீரர்களுடன் எவரும் எதிர்பாராத வேகத்தில் பறங்கிமலைக்கே வந்து நின்றார். சென்னைக் கோட்டையில் கதிகலங்கியது. சமாதானம் பேசினார்கள். பிடித்த இடங்களைத் திருப்பித் தருவது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வருவது என்று உடன்படிக்கை ஆயிற்று. வெள்ளைக் கும்பெனியை அதன் வாசலிலேயே பணிய வைத்த நாட்டுத் தலைவர் வேறு யார்? இதற்காக ஐதரை எத்தனை முறை போற்றினாலும் தகும்.

அந்தக் கிலிக்கு இன்னும் ஓர் அடையாளம் சென்னையில் இருக்கிறது. ஐதர் வந்துபோன பிறகு, கறுப்பர் பட்டணம் என்று வெள்ளையர் அழைத்த பகுதியைச் சுற்றிக் கும்பெனியார் மதில் எழுப்பினார்கள். மதிலுக்கான வரியை நகர மக்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். அந்தப் பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு என்று நின்றது. இப்போது அது வ.உ.சி. சாலை.

ஆனால் கும்பெனியின் சொல், தண்ணீரில் எழுதிய எழுத்து. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மராத்தியர் ஐதர்மீது பாய்ந்தபோது, துணைக்கு வருவதாகக் கையெழுத்திட்ட கும்பெனி கைகட்டி நின்றது. 1779இல் ஐதரின் பாதுகாப்பில் இருந்த மாகி துறைமுகத்தையும் பிடித்துக்கொண்டது. ஐதர் பொறுமை இழந்தார்.

1780: தீயினால் போட்ட வேலி

1780 ஜூலை மாதம். எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட படை, சுமார் நூறு பீரங்கிகள். செங்கம் கணவாய் வழியாக ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. சென்னைக் கோட்டையில் இருந்த துரைமார்கள் முதலில் நம்பவே இல்லை. பறங்கிமலையின்மேல் நின்று பார்த்தவர்களுக்குத் தொலைவில் புகை தெரிந்த பிறகுதான் நம்பினார்கள்.

அந்தப் புகை சமையல் புகை அன்று. ஊர்கள் எரிந்த புகை. சென்னையைச் சுற்றி, பழவேற்காட்டு ஏரியிலிருந்து புதுச்சேரிப் பக்கம்வரை, கரையிலிருந்து முப்பது மைலுக்கு மேல் உள்நோக்கி ஒரு கோடு போட்டார் ஐதர். வேலூர்க் கோட்டையைச் சுற்றியும் அதேபோல் ஒரு வட்டம். அந்தக் கோட்டுக்கு உட்பட்ட ஊர்களில் கூரை இருக்கக்கூடாது, தானியம் இருக்கக்கூடாது, மாடு இருக்கக்கூடாது, மனிதனும் இருக்கக்கூடாது. அதுவே கட்டளை. மக்களை ஓட்டினார்கள். ஓடாதவர்களைப் பிடித்தார்கள். எரிக்கத்தக்கது எல்லாவற்றையும் எரித்தார்கள்.

இது வெறிபிடித்தவன் செய்த செயல் என்று எண்ணிவிட வேண்டாம். கோட்டுக்கு வெளியே இருந்த ஊர்களை ஐதர் எரிக்கவில்லை. அங்கே பயிர் வேண்டும், வரி வேண்டும், தம் படைக்குச் சோறு வேண்டும். கும்பெனிக்கு நெல் கிடைக்கக்கூடிய இடம் மட்டும் சாம்பலாக வேண்டும். இது வெறியன்று, கணக்கு. கணக்குப் போட்டுச் செய்த கொடுமை, வெறியில் செய்த கொடுமையைவிட நெஞ்சை அதிகம் சுடுகிறது.

செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் சூழ்ந்தார்கள். பல்லவரும் சளுக்கியரும் மோதிய அதே புள்ளலூர். வாணங்கள் பறந்தன. கும்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ஏறத்தாழ நாலாயிரம் பேர் கொண்ட அந்தப் படை அழிந்தது. சில மைல் தொலைவில் காஞ்சியில் இருந்த ஜெனரல் மன்றோ உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. தம் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். கும்பெனிக்கு இந்திய மண்ணில் அதுவரை நேராத தோல்வி. சீரங்கப்பட்டணத்து தரியா தவுலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றியின் ஓவியத்தை இன்றும் காணலாம். யானை இருக்கிறது, குதிரை இருக்கிறது, பல்லக்கில் பெய்லி இருக்கிறார். எரிந்த ஊர்களின் ஓவியம் அந்தச் சுவரில் இல்லை.

பிரான்சு நாட்டில் ஒரு முன்கதை

ஐதர் ஒருவர்தான் இப்படிச் செய்தார், அதற்கு அவர் பிறந்த மதமே காரணம் என்று பேசுவோர் உண்டு. அவர்களுக்காக நாம் 425 ஆண்டுகள் பின்னால் போய், கடல் கடந்து பிரான்சு நாட்டைப் பார்த்துவிட்டு வரலாம்.

1355 அக்டோபரில் இங்கிலாந்து மன்னனின் மூத்த மகன் எட்வர்டு, கறுப்பு இளவரசன் என்று பின்னாளில் பெயர் பெற்றவன், போர்தோ நகரிலிருந்து புறப்பட்டான். கிழக்கே நார்போன் நகரம்வரை போய், டிசம்பர் தொடக்கத்தில் திரும்பி வந்தான். இரண்டு மாதப் பயணம். பெரிய போர் ஒன்றும் நடக்கவில்லை. போர் செய்வது நோக்கமும் அன்று. வழியில் இருந்த ஊர்களை எரிப்பதே நோக்கம். கார்கசோன் நகரத்துக் குடிகள் பணம் கொடுத்துத் தப்பப் பார்த்தார்கள். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரைக் கொளுத்தினான். சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ ஐந்நூறு ஊர்கள் பாழாயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எரிந்த ஊர்கள் பிரெஞ்சு மன்னனுக்கு எத்தனை வரி கட்டி வந்தன என்பதை, அந்தப் படையோடு போன அதிகாரி ஒருவர் பெருமையோடு ஊருக்குக் கடிதம் எழுதினார். 1370இல் அதே இளவரசன் லிமோஷ் நகரைப் பிடித்தபோது ஊருக்குள் வெட்டிச் சாய்க்கப்பட்டவர்கள் மூவாயிரம் என்று பழைய நூல் சொல்லும். முந்நூறாக இருக்கலாம் என்று இக்கால ஆராய்ச்சியாளர் சொல்வர். எண்ணிக்கையில்தான் வாதம், நடந்ததில் வாதம் இல்லை.

அவன் கிறிஸ்துவன். எரிந்த ஊர்களும் கிறிஸ்துவ ஊர்கள். இருபுறமும் ஒரே கோயில், ஒரே வேதம். அங்கே மதம் எங்கே வந்தது?

உண்மை வேறு. மன்னன் மற்றொரு மன்னனை அடிக்க நினைக்கும்போது, அவன் மடியை அறுக்கப் பார்க்கிறான். மன்னனின் மடி எது? வரி கட்டும் குடியானவன். ஆகவே குடியானவனின் கூரையைக் கொளுத்துகிறான். குடியானவன் அவனுக்கு எதிரியன்று. எதிரியின் பையில் இருக்கும் ஒரு காசு. 1355இல் போர்தோவிலிருந்து புறப்பட்டவனுக்கும் இதே கணக்கு. 1780இல் செங்கம் கணவாய் இறங்கியவருக்கும் இதே கணக்கு.

பட்டினி கிடந்தவர் யார்?

இனி அந்தத் தீ வேலி யாரைச் சுட்டது என்று பார்ப்போம்.

கும்பெனிக்குக் கடல் இருந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் கல்கத்தாவிலிருந்து தளபதி அயர் கூட்டைப் பட்டாளத்தோடும் பணத்தோடும் கப்பலில் அனுப்பினார். வங்காளத்து அரிசி கடல்வழி வந்தது. கூட்டின் படை கரையோரமாகவே நடந்து, கப்பலில் வரும் சோற்றை உண்டது. 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் ஐதரைத் தோற்கடித்தது. ஆகஸ்டில் மறுபடியும் புள்ளலூர். செப்டம்பரில் சோளிங்கர். மனம் நொந்த ஐதர், நிலத்தில் எதையும் அழிக்கலாம், கடலை வற்றவைக்க முடியாதே என்று தம் மந்திரியிடம் வருந்தியதாகச் சொல்வார்கள். சொன்னாரோ இல்லையோ, நடந்தது அதுதான்.

கோட்டைக்குள் இருந்த துரைக்குச் சோறு கிடைத்தது. வேலிக்குள் எரிந்த ஊர்க்காரனுக்குக் கிடைக்கவில்லை. காஞ்சி, செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பக்கத்து மக்கள் சாரை சாரையாகச் சென்னையை நோக்கி நடந்தார்கள். 1781, 1782ஆம் ஆண்டுகளில் அந்த நகரத்துத் தெருக்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1782 அக்டோபரில் அடித்த புயலில் அரிசிக் கப்பல்களும் துறையிலேயே மூழ்கின. பட்டினியால் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அந்த 1782இல் ஒரு சத்திரம் வைத்தார்கள். மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். அந்தச் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைத் தொழிலாளத் தோழர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று அழைப்பார்கள். அந்தக் கஞ்சித்தொட்டிக்கு வரிசையில் நின்ற முதல் ஆட்கள், ஐதர் எரித்த ஊர்களிலிருந்து வந்த உழவர்கள்.

தஞ்சைத் தரணியும் தப்பவில்லை. 1781இல் மைசூர்ப் படை காவிரிப் படுகையில் புகுந்தது. மாடுகளையும் மக்களையும் ஓட்டிக்கொண்டு போனது. சிறுவர்களைக்கூடப் பிடித்துச் சீரங்கப்பட்டணம் அனுப்பினார்கள். உழுவாரில்லாமல் வயல்கள் தரிசாயின. அந்தக் காலத்துக்கு ஐதர் கலாபம் என்று தஞ்சை மக்கள் பெயரிட்டார்கள்.

முரசுக்குள் அடைபட்டபோது நீ என்ன பாவம் செய்தாய் ஐதரே? தஞ்சையிலிருந்து ஓட்டிச் செல்லப்பட்ட அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

கும்பெனியின் கை சுத்தமா?

ஐதரின் குற்றத்தைச் சொன்னதும், பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் எவ்வளவோ மேல் என்று சில பேர் கிளம்புவார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்குக் கும்பெனி உத்தியோகஸ்தர்கள் தங்கள் சொந்தப் பெயரில் அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். வட்டிக்கு ஈடாக ஊர் ஊராக வரி வசூலை எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஐதர் தீ வைப்பதற்கு முன்பே அந்த ஊர்களின் களஞ்சியங்கள் காலி. 1785இல் எட்மண்டு பர்க்கு இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இந்தக் கடன் ஊழலைத் தோலுரித்துக் காட்டினார். ஐதரின் தீயைப் பற்றியும் பேசினார். அந்தத் தீக்குக் காரணமாயிருந்த கும்பெனியின் பேராசையையும் சேர்த்தே பேசினார். சுமையைத் தலையில் ஏற்றிய கும்பெனி, தீ வந்தபோது மக்களைக் காக்க ஒரு விரலும் அசைக்கவில்லை. மதில் இருந்தது கோட்டைக்கு, ஊருக்கு இல்லை.

பிறகு நம் பகுதியிலேயே பாருங்கள். 1791இல் கும்பெனிப் படை பென்னாகரம் கோட்டையில் ஏறிப் புகுந்தபோது, உள்ளே இருந்தவர்களில் பெரும்பகுதியினரை வெட்டிச் சாய்த்துவிட்டது. சமாதானக் கொடியின்மேல் சுட்டார்கள் என்று அதற்கு ஒரு காரணமும் எழுதி வைத்தது. எரித்தவன் கையில் கரி என்றால், வெட்டியவன் கையில் இரத்தம்.

முடிவு

1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூருக்கு அருகே பாசறையில், முதுகில் வந்த கொடும் கட்டியினால் ஐதர் அலி இறந்தார். மகன் திப்பு தொலைவில் இருந்தபடியால், அவர் வந்து சேரும்வரை சாவை மறைத்து வைத்தார்கள். உடலைக் கோலாருக்கும் பிறகு சீரங்கப்பட்டணத்துக்கும் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். பத்தாண்டு கழித்து, 1792இல், பாராமகால் முழுவதும் உடன்படிக்கைப்படி கும்பெனி கைக்குப் போயிற்று. காவேரிப்பட்டினக் கோட்டையின் கடைசிக் கைமாற்றம் அதுதான். அங்கே உழுதவன், நேற்று திப்புவுக்குக் கட்டிய வரியை, மறுநாள் முதல் கலெக்டர் ரீடிடம் கட்டினான்.

ஐதரை எப்படி நினைப்பது? சொல்லுகிறோம்.

படைத்தலைவர் ஒருவரின் எழுத்தறியாத மகன், மதம் பாராமல் திறமை பார்த்து ஆள் சேர்த்தார். பூர்ணையா போன்றவர்கள் அவரிடத்தில் உயர்ந்தார்கள். ஏகாதிபத்தியத்தின் முதல் காலடியிலேயே அதை அடையாளம் கண்டு அடித்தார். இது அவர் கணக்கில் வரவு. அந்த அடி விழுந்த இடத்தில் இருந்தது பெரும்பாலும் கும்பெனி அன்று, தமிழ் உழவன். இது அவர் கணக்கில் பற்று. வரவைக் காட்டிப் பற்றை அழிக்க நாம் உடன்பட மாட்டோம். பற்றைக் காட்டி வரவை அழிக்கவும் விடமாட்டோம். இரண்டையும் மறைத்து, ஒரு மதத்தான் மற்றொரு மதத்தானை எரித்த கதை என்று திரிப்பவனை மேடையில் நின்று மறுப்போம். அந்தத் தீ எந்தக் கூரையையும் சாதி கேட்டு, மதம் கேட்டுப் பிடிக்கவில்லை.

ஓசூர்ப் பக்கம் ஓர் ஆலையில் ஒரே யந்திரத்தின் இருபுறமும் தமிழ் பேசும் தோழரும் கன்னடம் பேசும் தோழரும் நிற்கிறார்கள். ஒருவர் பாட்டி சொன்ன கதையில் ஐதர் வீரர். மற்றவர் பாட்டி சொன்ன கதையில் ஐதர் கொள்ளைக்காரர். இரண்டு பாட்டிகளும் பொய் சொல்லவில்லை. அரண்மனைப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு கதை, அடுப்படிப் பக்கம் நின்று பார்த்தால் ஒரு கதை. உழைப்பவன் நிற்க வேண்டிய இடம் அடுப்படிதான்.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியுமா? 1942இல் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று பயந்து, வங்காளக் கரையோரத்தில் படகுகளையும் நெல்லையும் மக்களிடமிருந்து பறித்தது வெள்ளை அரசு. எதிரிக்குக் கிடைக்கக்கூடாதாம்! 1943இல் வந்த வங்கப் பஞ்சத்தின் காரணங்களில் அதுவும் ஒன்று. செத்தவன் ஜப்பானியன் அல்லன், வங்காளத்து ஏழை. மக்களின் பயிரையும் தானியத்தையும் குடிநீரையும் அழித்துப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளக்கூடாது என்று உலக நாடுகள் கூடி ஜெனீவாவில் விதி எழுதிய ஆண்டு 1977. கறுப்பு இளவரசன் போர்தோவிலிருந்து புறப்பட்டு 622 ஆண்டுகள் கழித்து! எழுதிய பிறகும் அந்த விதி எத்தனை முறை மீறப்பட்டது என்பதைப் பத்திரிகை படிக்கும் தோழர்கள் அறிவார்கள்.

ஆகவே, அடுத்தமுறை மேடையில் ஐதர் அலியின் பெயரைச் சொல்லும் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இது. பறங்கிமலையில் கும்பெனியைப் பணிய வைத்ததைச் சொல்லுங்கள். புள்ளலூரைச் சொல்லுங்கள். அதே மூச்சில் கஞ்சித்தொட்டியையும் சொல்லுங்கள்.